பன்னிரண்டு மாவில் ஓரிதழ்த்தாமரை

கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றில் போன மாதம் ஓரிதழ்த்தாமரைப் பொடி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எழுபதைத் தாண்டிய கிழவி, கையில் ஜவுளிக்கடைப் பை, காலில் ரப்பர் செருப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயாவுக்காங்கம்மா?" என்றார். ஐயா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, எனக்குத்தான் என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

டப்பாவின் மேல் ஒரு தாமரைப் படம். குளத்தில் பூக்கிற அசல் தாமரை, அத்தனை இதழ்களோடும். பக்கத்தில் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு ஒரு குதிரை. பொடியை அரைத்தவனும் அந்தச் செடியைப் பார்த்ததில்லை, படம் போட்டவனும் பார்த்ததில்லை, வாங்கித் தின்கிற மகராசன்களும் பார்க்கப் போவதில்லை. குதிரை மட்டும் எல்லாருக்கும் நன்றாகப் புரிகிறது.

அந்தச் செடிக்கும் தாமரைக்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. ஒரு சாண் உயரம் வளரும். இலை ஒல்லியாக இருக்கும். பூ சுண்டுவிரல் நகம் அளவு, வெளிறின ஊதாவும் ரோஜா நிறமும் கலந்த ஒற்றை இதழ். உற்றுப் பார்த்தால் உள்ளே இன்னும் நாலு சின்ன இதழ்கள் இருக்கின்றன. உற்றுப் பார்க்க யாருக்கு நேரம்? ஒற்றை இதழ் என்று சொல்லிவிட்டார்கள், கூடவே ஒரு தாமரையையும் ஒட்டிவிட்டார்கள். எங்கள் பக்கம் கொள்ளிடத்துப் படுகையில் மருத மரமும் நாவல் மரமும் மூங்கிலும் அடர்ந்த தோப்பு ஒன்று இருந்தது. மழை விழுந்து பத்து நாள் கழித்துப் போனால் மரத்தடிப் புல்லுக்குள் அது பூத்துக் கிடக்கும். அங்கிருந்து வழிந்து வரப்புக்கு வரும், வரப்பிலிருந்து வயலுக்கு இறங்கும். வயலுக்கு இறங்கினால் அது களை. பிடுங்கி எறிந்துவிடுவோம்.

எறிவதற்கு முன்னால் இரண்டு செடியை முந்தானையில் முடிந்துகொள்வதும் உண்டு. அதை எதற்கென்று எந்த வைத்தியரும் எழுதி வைக்கவில்லை, நான் எழுதுகிறேன். நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் விடிந்ததிலிருந்து குனிந்தே நிற்பார்கள். கீழே சேறு, மேலே வெயில், நாலு பக்கமும் வெட்டவெளி, வரப்பில் ஆம்பிளைகள் நின்று அதட்டிக்கொண்டிருப்பார்கள். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், குடித்தாலும் அடக்கிக்கொள்வார்கள். பொழுது சாயும்போது அடிவயிற்றில் நெருப்பு. ஓரிதழ்த்தாமரையை வேரோடு அலசி, அரைத்து, நீராகாரத்தில் கலக்கிக் குடித்தால் மூன்று நாளில் அந்த நீர்க்கடுப்பு தணியும். வெள்ளைப்பாட்டுக்கும் அதுதான், உடல் சூட்டுக்கும் அதுதான். பாதி ஊர் பெண்களின் அடிவயிறு அந்தச் செடியை நம்பி இருந்தது. இதில் குதிரை எங்கேயிருந்து வந்தது என்பதுதான் நான் சொல்லப் போகிற கதை.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம். புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு குடும்பம் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்புச் சட்டம் ஒரு பக்கம், குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று இன்னொரு சட்டம் மறுபக்கம். எங்கள் ஊர் மிராசுதாருக்குத் தூக்கம் போயிற்று. அவருடைய நிலத்தை ஒரு கரையில் நின்று பார்த்தால் மறு கரை தெரியாது. செத்துப்போன அத்தைகள், இன்னும் பிறக்காத பேரன்கள், ஊரைவிட்டு ஓடிப்போன மைத்துனன் என்று எல்லார் பெயரிலும் எழுதி வைத்த பிறகும் நிலம் மிச்சம் இருந்தது. பாவம், பெயர்தான் தட்டுப்பாடாகிவிட்டது.

அந்த மிச்சத்தில் ஒரு துண்டுதான் நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த பன்னிரண்டு மா. ஏக்கர் கணக்கில் நாலு. படுகைத் தோப்பை ஒட்டி, கொஞ்சம் மணல் கலந்த வயல். என் மாமனார் முப்பது வருஷம் அதை உழுதிருந்தார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா. எல்லாம் வாய்ப்பேச்சு. மிராசுதார் நெல்லை வாங்கிக்கொள்வார், ரசீது மட்டும் தர மாட்டார். பதிவேட்டில் தன் பெயரை ஏற்ற வேண்டும் என்று மாமனார் மனுப் போட்டார். மனுவைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றே மிராசுதார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"என்னடா, சட்டம் பேசுறியாமே. ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்தா ஊரே வந்து நிக்கும், தெரியுமா ஒனக்கு?" என்றாராம்.

அடுத்த வாரம் வயலைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. எங்கள் மடையை மட்டும் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். ஊர் முழுக்க நாற்று விட்டார்கள், எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது. மாமனார் தினமும் காலையில் போய் முள்வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசுவதற்கு என் கணவர் இருந்தார். கட்சிக்காரர். கரை வேட்டி, தோளில் துண்டு, எந்த இடத்திலும் இரண்டு அடுக்குமொழி. உழுபவனுக்கே நிலம் என்று கடைத்தெருவில் மேசை மேல் ஏறிச் சொல்வார், இறங்கி வந்து அதே மிராசுதாருக்கு வணக்கமும் சொல்வார். ஏனென்றால் மிராசுதாரும் இப்போது அதே கரை வேட்டி. ஆட்சி மாறின மாதமே பழைய கட்சிக் கதரை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார். நிலத்தைப் பிடுங்குகிற சட்டம் போட்ட கட்சியில் நிலத்தை ஒளிக்கிறவர் ஒன்றியப் பிரமுகர். என் கணவர் அதை ஒரு முரண்பாடாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, "உள்ளேயிருந்து போராடணும்" என்றார். எதற்கு உள்ளே என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் மிராசுதாருடைய வக்கீல் ஒரு யோசனை சொன்னார். தர்மத்துக்கு என்று மூலிகைத் தோட்டம் வைத்தால், அந்த நிலத்தை உச்சவரம்பில் சேர்க்காமல் விலக்கு வாங்கிவிடலாம், தோட்டம் என்று ஆகிவிட்டால் குத்தகை மனுவும் நிற்காது. யோசனைக்கு ஏற்ற ஆளாக ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தார். தகரப்பெட்டி, ஏட்டுக்கட்டு, தாடி. நாலு தலைமுறையாகச் சித்தர் வழி என்றார். தாடி நாலு தலைமுறையாக வளர்ந்ததுதான், அதில் சந்தேகமில்லை. படுகைத் தோப்பைச் சுற்றிப் பார்த்தார், ஓரிதழ்த்தாமரையைக் கண்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிழவனைக் குமரனாக்குகிற மூலிகை என்றார். மிராசுதாருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. எந்த மூலிகையை வளர்ப்பது என்ற கேள்வி அந்த நிமிஷமே தீர்ந்துவிட்டது.

வேலி வாசலில் பலகை வைத்தார்கள். 'தமிழ் மூலிகை அறப்பண்ணை'. வடமொழி ஒரு எழுத்து கலக்காத பலகை. திறப்பு விழாவுக்குக் கட்சிக் கொடி, ஒலிபெருக்கி, எல்லாருக்கும் சோடா. நம் முன்னோர் கண்ட மருத்துவத்தை மூடி மறைத்தது யார் என்று மிராசுதார் மேடையில் கேட்டார். எங்கள் மடையை மூடியது யார் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. என் கணவர் நன்றியுரை சொன்னார். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர் தட்டில் குழம்பைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன், சட்டையில் தெறித்தது, அதற்கு மேல் என்னால் முடிந்தது ஒன்றுமில்லை.

வயலில் பாத்தி மேடு கட்டினார்கள். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் தோப்பிலிருந்து அந்தச் செடிகளைக் கூடை கூடையாகப் பெயர்த்து மேட்டில் நட்டார்கள். நட்டவர்கள் தெற்குத் தெருப் பெண்கள். பண்ணை வேலையையே நம்பி, பண்ணை நிலத்திலேயே குடிசை போட்டு இருந்தவர்கள் அவர்கள். வாழ்நாளெல்லாம் பிடுங்கி எறிந்த களையை வரிசை பிடித்து நடச் சொன்னால் எப்படி இருக்கும்? சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகச் சொன்னார்கள். வைத்தியர் கோபித்துக்கொண்டார். செடியின் மேல் யார் நிழலும் விழக் கூடாது, நகம் படக் கூடாது, பட்டால் மூலிகை சாபம் கொடுக்கும் என்றார். சாபம் தீர ஒவ்வொரு செடிக்கும் மஞ்சள் நூலில் காப்புக் கட்ட வேண்டும். நாலு ஏக்கர் களையில் ஒவ்வொன்றுக்கும் காப்பு! குனிந்து வேலை செய்கிறவளின் நிழல் அவளுக்குக் கீழே விழாமல் வேறு எங்கே விழும் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கட்டினார்கள்.

கார்த்திகையில் மிராசுதார் மருந்து ஆரம்பித்தார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். விடியற்காலையில் காப்பை அவிழ்த்து, மந்திரம் சொல்லி, நகம் படாமல் எடுத்த ஒரு கைப்பிடிச் செடியை அரைத்துக் கறுப்பு ஆட்டுப் பாலில் குடிப்பது. ஊரில் ஒரே ஒரு கறுப்பு ஆடுதான் பால் கொடுத்துக்கொண்டிருந்தது, அதைத் தினமும் தெரு வழியாகத்தான் பண்ணை வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டும். ஆடு போனால் ஊர் முழுவதும் இன்று எத்தனையாவது நாள் என்று தெரிந்துகொண்டது. மிராசுதார் மனைவி அந்த நாற்பத்தெட்டு நாளும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், மகராசி புத்திசாலி.

இதற்கிடையில் வயலில் ஒரு விஷயம் நடந்தது. முந்தின வருஷ அறுவடையில் உதிர்ந்த நெல் மண்ணுக்குள் கிடந்தது. மாமனாரின் கடைசி அறுப்பு அது. ஐப்பசி மழையில் பாத்திகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. உதிர்ந்த நெல் முளைத்துவிட்டது. யாரும் விதைக்கவில்லை, யாரும் நடவில்லை, எரு இல்லை. மேட்டில் ஊதாப் பூ, பள்ளத்தில் பச்சைப் பயிர். மாமனார் முள்வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்து, அத்தனை மாதத்தில் முதல் தடவையாகப் பேசினார்.

"நம்ம நெல்லும்மா. தூர் கட்டியிருக்கு" என்றார்.

மார்கழியில் நிலச்சீர்திருத்த அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தாக்கீது வந்தது. அது தோட்டமா, நன்செய் வயலா என்று அவர் கண்ணால் பார்த்து எழுதுவார். தோட்டம் என்று எழுதிவிட்டால் எங்கள் மனு குப்பைக்கூடைக்குப் போகும், பன்னிரண்டு மா போகும், மாமனார் மறுபடி வாயைத் திறக்க மாட்டார். மிராசுதாருக்கும் இது தெரியும். பள்ளத்தில் நிற்கிற நெல் அவர் கண்ணை உறுத்தியது. அதிகாரி வருகிற அன்று காலையிலேயே தெற்குத் தெருப் பெண்களை இறக்கி நெல்லை முழுவதும் பிடுங்கிவிட வேண்டும், பூச்செடியில் கை படக் கூடாது என்று காரியஸ்தர் உத்தரவு போட்டார். முன்னாலேயே பிடுங்கியிருக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு நாள் முடியும்வரை வயலில் கும்பலாக இறங்கினால் மூலிகைக்கு வீரியம் குறையும் என்று வைத்தியர் தடுத்திருந்தார். அவர் வாழ்நாளில் ஊருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

அந்தப் பெண்களுக்கு ஒரு தலைவி உண்டு. நடவில் முதல் நாற்று முடியைப் பிரித்து அவர்தான் ஊன்றுவார், களையில் முதல் பத்தியை அவர்தான் பிடிப்பார், மற்றவர்கள் அவர் கையைப் பார்த்து நடப்பார்கள். நாற்பது வயது இருக்கும். இப்போது அவர் என்று எழுதுகிறேன், அன்று எனக்கு அவள்தான். எங்கள் தெருவில் சின்னப் பெண்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவர் எங்களைச் சின்னம்மா, பெரியம்மா என்பார். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் வாய்க்கால் கரையில் அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அக்கா" என்றேன்.

அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

"என்னையா கூப்புட்டீங்க சின்னம்மா?"

"ஒங்களத்தான். நாளைக்குப் பண்ணைக்கு நெல்லப் பிடுங்கப் போறீங்களாமே."

"ஆமா, சொல்லிட்டுப் போயிருக்காரு காரியஸ்தரு. பொதி வந்து நிக்கிது பயிரு, வயித்துல புள்ள மாதிரி. அதப் பிடுங்குன்னா எந்தக் கை பிடுங்கும்?"

"மாத்திப் பிடுங்கிட்டா? பூவ எடுத்துட்டு நெல்ல விட்டுட்டா?"

அவர் துணியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்தார்.

"குடிசையப் பிரிச்சு வாய்க்கால்ல போட்டுருவாங்க, வேற ஒண்ணும் ஆவாது."

"நெலம் எங்க பேருக்கு வந்துச்சுன்னா வடக்கால இருக்குற மேட்டுத் தாக்கு ஒங்களுக்கு. ஒரு மா. வீடு கட்டிக்கிட்டு இருங்க, எவனும் எழுப்ப முடியாது. எம் வயித்துப் புள்ள மேல சத்தியமாச் சொல்றேன் அக்கா."

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவர் சட்டென்று ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள மேலயெல்லாம் சத்தியம் பண்ணாத தங்கச்சி. திருப்பி எடுத்துக்க மொதல்ல" என்றார்.

திருப்பி எடுத்துக்கொண்டேன். காரியம் ஆக வேண்டியிருந்தபோது அக்கா என்று கூப்பிடவும், எடுத்துக்கொள்ளச் சொன்னதும் சத்தியத்தை எடுத்துக்கொள்ளவும் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் பிடுங்குகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முப்பது பெண்கள் வரிசையாக வயலில் இறங்கினார்கள். காரியஸ்தர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் கூடவே நின்று நிழல், நகம் என்று கத்திக்கொண்டிருந்தார். அதுவரை பெண்கள் ஒரு மூலைப் பள்ளத்தில் நாலு நெல்லைப் பிடுங்கிப் பாவனை காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பண்ணை வீட்டிலிருந்து டிபன் வந்தது. இரண்டு பேரும் தோப்பு நிழலுக்குப் போனார்கள். இட்லியும் கொத்சுவும். சாப்பிட்டுவிட்டு அங்கேயே சாய்ந்தவர்கள் அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டுத்தான் எழுந்து வந்தார்கள். நான் முள்வேலிக்கு வெளியே மாமனாரோடு நின்றிருந்தேன். அந்த இட்லி நேரத்தில் அந்தக் கைகள் ஓடின ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு பாட்டு இல்லை, பேச்சு இல்லை. செடியை வேரோடு இழுப்பது, மண்ணை உதறுவது, காப்பு நூலை அவிழ்த்து இடுப்பில் செருகுவது, அடுத்த செடி. காப்பை மரியாதையாக அவிழ்த்தார்கள், அதில் குறை வைக்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். மிராசுதார் மாலையோடு நின்றார். அதிகாரி மாலையை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு வேலிக்குள் நுழைந்தார். மேடெல்லாம் வெறும் மண். பள்ளமெல்லாம் நெல், பொதி கட்டி, முன்கதிர் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்துக்கொண்டு. பிடுங்கின செடிகள் வாய்க்கால் தண்ணீரோடு போயிருந்தன, வரப்பில் பெண்கள் இடுப்பிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு குவியல் மஞ்சள் நூல் மட்டும்.

"இது என்னது?" என்று நூலைக் காட்டிக் கேட்டார்.

"காப்புங்க" என்றார் வைத்தியர்.

"எதுக்குக் காப்பு?"

"செடிக்குங்க."

"செடி எங்க?"

வைத்தியர் வானத்தைப் பார்த்தார். மிராசுதாருக்கு முகம் கறுத்துவிட்டது. நாற்பத்தெட்டு நாள் மருந்து சாப்பிட்ட வீரியம் முழுவதும் குரலில் வந்தது. வரப்பில் நின்ற பெண்களைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கத்தினார். தலைவிதான் முன்னால் வந்தார்.

"ஆண்டே, கோவிச்சுக்காதீங்க. பொறந்ததுலேருந்து நெல்ல விட்டுட்டு மத்ததப் பிடுங்குன கையி. நீங்க சொன்னது காதுல ஏறிச்சு, கையில ஏறல" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். யார் சாகுபடி என்று கேட்டார். மாமனார் முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், "என் நெல்லுங்க" என்றார். அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்தது.

பங்குனி முடிவதற்குள் பன்னிரண்டு மாவும் நன்செய் என்றும், சாகுபடி செய்பவர் என் மாமனார் என்றும் பதிவாகிவிட்டது, உச்சவரம்புக்கு மிஞ்சின நிலம் என்று பட்டாவும் எங்களுக்கே வந்தது. முள்வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தோம். என் கணவர் கடைத்தெருவில் மேசை மேல் ஏறி, இது இயக்கத்தின் வெற்றி என்றார். தமிழ் மூலிகை அறப்பண்ணைப் பலகை கொஞ்ச நாள் பண்ணை மாட்டுத் தொழுவத்துக்குக் கதவாக இருந்தது. வைத்தியர் தகரப்பெட்டியோடு வேறு ஏதோ ஊர் மிராசுதாரைத் தேடிப் போய்விட்டார்.

அதற்கு முன்னாலேயே, தை மாதம், தெற்குத் தெருவில் தலைவியின் குடிசையைப் பிரித்து வாய்க்காலில் போட்டார்கள். அவர் சொன்ன மாதிரியே. குடியிருக்கிற இடம் குடியிருப்பவனுக்கே என்று அதற்கும் ஒரு சட்டம் உண்டு என்றார்கள். அந்தச் சட்டம் தார் ரோட்டோடு நின்றுவிட்டது, தெற்குத் தெருச் சேற்றில் இறங்க அதற்குக் கால் கூசியது போலிருக்கிறது. அவர் புருஷனோடும் இரண்டு பெண்களோடும் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நாலு ஓலையைச் சாய்த்துக்கொண்டார். மழை வந்தால் அங்கே முழங்கால் தண்ணீர்.

நிலம் பதிவானதும் நான் வீட்டில் மேட்டுத் தாக்கைப் பற்றிச் சொன்னேன். சொல்லவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஒரே ஒரு தடவை சொன்னேன். என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாக்குக் குடுக்க நீ யாரு? ஒருத்திக்குக் குடுத்தா தெருவே வந்து நிக்கும்" என்றார்.

மாமனார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதே வார்த்தையைப் பண்ணை வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டவர் அவர். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை. எனக்கு எட்டாம் மாதம், இடுப்பு வலி, சண்டை போட உடம்பில் தெம்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை பிறந்த பிறகும் தெம்பு வரவில்லை. மேட்டுத் தாக்கில் தென்னங்கன்று வைத்தோம். மிராசுதாரையும் வைத்தியரையும் கரை வேட்டியையும் இத்தனை நேரம் கிழித்தேனே, அந்தக் கன்றுகளுக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன், அவரும் நாலு வார்த்தை திட்டியிருப்பார், கணக்குத் தீர்ந்திருக்கும். அடுத்த சம்பாவில் எங்கள் வயலுக்கே களைக்கு வந்தார், முப்பது பெண்களோடு, முதல் பத்தி அவருடையது. நான்தான் வரப்பில் நின்றேன், குடை இல்லாமல், அது ஒன்றுதான் வித்தியாசம். பிள்ளை பெற்ற உடம்பு, எனக்குப் பழைய நீர்க்கடுப்பு திரும்பியிருந்தது. பொழுது சாய்ந்ததும் வரப்போரமாகக் குனிந்து தேடிக்கொண்டே போனேன். படுகைத் தோப்பை ஒட்டின வரப்பில் எப்போதும் இருக்கும். இல்லை. மேட்டுத் தாக்கில், தென்னங்கன்றுகளுக்கு நடுவில் பார்த்தேன். அங்கும் இல்லை. பிடுங்கின குழிகள் மட்டும் இருந்தன, ஈரம் காயாமல்.

அவர் கால் சேற்றை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறீங்க?" என்றார்.

"ஓரிதழ்த்தாமரை. இங்க ஓரத்துல எப்பவும் கெடக்குமே."

"அதெல்லாம் எடுத்தாச்சு. வயல்ல, வரப்புல, மேட்டுல, ஒண்ணு விடல. களைக்குத்தான கூப்புட்டீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ப் பாருங்க ஆண்டச்சி, சுத்தமா இருக்கும்."

மிராசுதார் மனைவியைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குரலில் கோபம் இல்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறிப் போனார், மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

அதற்குப் பிறகு இருபத்தோரு வருஷம் எங்கள் வயலுக்கு அவர்தான் களை எடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அந்தச் செடியை, பூ விடுவதற்கு முன்னால், விதை விழுவதற்கு முன்னால், வேரோடு எடுத்தார். அவர் கண்ணை மூடியபோது எங்கள் பன்னிரண்டு மாவில் அது ஒன்றுகூட மிச்சமில்லை. தோப்பும் பிற்பாடு செங்கல் சூளைக்குப் போய்விட்டது. அதனால்தான், நாலு ஏக்கர் சொந்தக்காரி நான், நீர்க்கடுப்பு வந்தால் கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போய், குதிரைப் படம் போட்ட டப்பாவை வாங்கிக்கொண்டு வருகிறேன்.